இரவு இரண்டரை மணிக்குப் போனைத் தேடும் கை

கேள்வி: எனக்கு 43 வயது. தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் வேலை. 2021 மே மாதம் அப்பாவைக் கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்த்தோம். பதினோரு நாள் இருந்தார். உள்ளே யாரையும் விடவில்லை. தினமும் சாயங்காலம் வார்டு நர்ஸ் ஒருவர் என் தம்பிக்கு ஒரு வரி அனுப்புவார். ‘ஆக்சிஜன் 91, கண் திறந்து பார்த்தார்’ என்பது போல. அதை அவன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவான். பதினோராவது நாள் இரவு 2.40க்கு, அப்பா போய்விட்டார் என்ற செய்தியும் அதே குரூப்பில்தான் வந்தது. இறுதிச் சடங்கை வீடியோ காலில் பார்த்தோம்.

ஐந்து வருடம் ஆகப்போகிறது. இன்றும் இரவு இரண்டரை மணிவாக்கில் முழிப்பு வந்துவிடுகிறது. கை தானாகப் போனை எடுக்கிறது. முதலில் அந்தக் குரூப்பைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. அப்புறம் ரீல்ஸ். நிமிர்ந்து பார்த்தால் மணி நாலு. ‘நீ போனுக்கு அடிமையாகிவிட்டாய்’ என்கிறார் கணவர்.

இன்னொன்று. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கு ஒரு மாதம் முன்பு, தடுப்பூசி போட்டவர்களெல்லாம் சீக்கிரம் செத்துவிடுவார்கள் என்று சித்தப்பா குரூப்பில் ஒரு ஃபார்வேர்டு போட்டார். அப்பாவும் ‘கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்’ என்றார். அப்பா போன மூன்றாம் நாள், ‘நீங்கள்தான் கொன்றீர்கள்’ என்று குரூப்பிலேயே எழுதிவிட்டேன். சித்தப்பா வெளியேறினார். இன்றுவரை பேச்சில்லை. என் மகளுக்கு 16 வயது. அவளும் எப்போதும் போனும் கையுமாக இருக்கிறாள். எல்லா ஆப்பையும் அழித்துவிட்டால் சரியாகிவிடுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

2.40 என்று நிமிடக் கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள். பகலில் எவ்வளவு நேரம் போன் பார்க்கிறீர்கள், வேலை கெடுகிறதா என்றெல்லாம் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதனால் உங்கள் கணவர் சொல்லும் ‘அடிமை’ என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசுவோம். அடிமைப்பட்டவரின் கை நேரம் காலம் பார்க்காமல் போனைத் தேடும். உங்கள் கை அந்தச் செய்தி வந்த நேரத்தில் தேடுகிறது.

வீட்டில் ஒருவர் உயிருக்குப் போராடும்போது குடும்பத்தார் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார்கள். நர்ஸின் முகத்தைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். பக்கத்து பெஞ்சில் இன்னொரு குடும்பம் இருக்கும். ‘உங்களுக்கு எப்படி இருக்கு?’ என்று அவர்கள் கேட்பார்கள், நாமும் கேட்போம். நல்லதோ கெட்டதோ, கடைசியில் ஒருவர் வந்து தோளைத் தொட்டு, ‘எழுந்திரு, போகலாம்’ என்று கூட்டிக்கொண்டு போவார். 2021இல் உங்களுக்கு அந்த வராந்தா கிடைக்கவில்லை. அந்தக் குரூப்தான் உங்கள் வராந்தா. பதினோரு நாள் அதில் உட்கார்ந்திருந்தீர்கள். எழுந்திரு என்று சொல்ல யாரும் வரவில்லை. ஒவ்வொரு இரவும் நீங்கள் போய் உட்காருவது அதே பெஞ்சில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2020 ஜூனில் நான் வீடியோ வழியாக ஆலோசனை சொல்லத் தொடங்கிய புதிது. ஒரு பெண் பேசிக்கொண்டே இருப்பார், கண் மட்டும் திரையின் மேல்விளிம்புக்குப் போய்ப் போய் வரும். கேட்டேன். ‘அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நோட்டிஃபிகேஷன் மேலேதான் வரும்’ என்றார். அவருடைய அம்மா குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கு இரண்டு மாதம் கழித்துப் பேசியபோதும் அந்தக் கண் மேலே போய் வந்துகொண்டிருந்தது. அவர் அம்மா அப்போது அடுத்த அறையில் இருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஆபத்துக் காலத்தில் உடம்பு கற்றுக்கொண்ட காவலை, ஆபத்து போன பிறகு யாராவது வந்து விடுவிக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் ஒருவருக்கு மட்டும் இப்படி ஆகவில்லை. உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னது 2020 மார்ச் 11ஆம் தேதி. அந்த மாதமே இத்தாலியில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பேசும் அழைப்புகளில் மக்கள் செலவிட்ட நேரம் பத்து மடங்குக்கும் மேலாகக் கூடியதாக பேஸ்புக் நிறுவனம் தெரிவித்தது. ஜூம் கூட்டங்களில் ஒரு நாளைக்குச் சேர்பவர்களின் கணக்கு 2019 டிசம்பரில் ஒரு கோடி, 2020 ஏப்ரலில் 30 கோடி. ஒரே ஆள் மூன்று கூட்டத்தில் சேர்ந்தால் மூன்றாகக் கணக்கிடும் எண் அது. இருந்தாலும் நாலே மாதத்தில் வந்த மாற்றம். அதுவரை பொழுதுபோக்குக்காக வைத்திருந்த ஒரு பொருள் ஒரே மாதத்தில் பள்ளிக்கூடமாக, அலுவலகமாக, நோயாளியைப் பார்க்கும் நேரமாக, இரங்கல் சொல்லும் இடமாக ஆனது. அப்போது போனைப் பார்க்காமல் இருப்பதுதான் தப்பு. பார்ப்பது கடமை. தொற்றின் முதல் ஆண்டில் உலகம் முழுக்கப் பதற்ற நோயும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கெட்ட செய்தியை விடாமல் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போவதற்கு ஆங்கிலத்தில் ‘டூம்ஸ்க்ரோலிங்’ என்ற ஒரு சொல்லே 2020இல்தான் பரவலானது.

நெருக்கடி முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5இல் அறிவித்தது. அலுவலகங்கள் திறந்தன, பள்ளிகள் திறந்தன. போன் தன்னிடம் வந்து சேர்ந்த வேலைகள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்ததா என்றால், இல்லை. சிலவற்றை அதுவே வைத்துக்கொள்ளட்டும், தூரத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதைப் போல. இரவுக் காவலை மட்டும் அதனிடமிருந்து வாங்கிவிட வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே வராந்தாவை இடித்துக் கட்டிவிட்டார்கள். தொற்றுக்கு முன்பு சமூக ஊடகம் என்றால் பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான். தோழியின் குழந்தை, ஒன்றுவிட்ட அண்ணனின் புது வண்டி. ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தவர்கள் குறு வீடியோக்களில் மூழ்கியபோது, டிக்டாக்கின் பதிவிறக்கம் 2020 ஏப்ரலுக்குள் 200 கோடியைத் தாண்டியது. அதைப் பார்த்து இன்ஸ்டாகிராம் அதே ஆண்டு ஆகஸ்டில் பல நாடுகளில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. பின்னாலேயே யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. தெரிந்தவர்களின் பேச்சு மூடிய குரூப்புகளுக்குள் போய்விட, வெளியே முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தன. 2025இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனமே காட்டிய கணக்கு இது: பேஸ்புக்கில் செலவாகும் நேரத்தில் நண்பர்களின் பதிவுகளைப் பார்ப்பது 17 சதவீதம், இன்ஸ்டாகிராமில் 7 சதவீதம்.

நீங்கள் எழுதிய அந்த இரண்டு வாக்கியங்களை மறுபடி படியுங்கள். ‘ஒன்றும் இருக்காது. அப்புறம் ரீல்ஸ்.’ அப்பாவைத் தேடிக்கொண்டு கதவைத் திறக்கிறீர்கள். அங்கே யாரும் இல்லை. வெறும் கையோடு திரும்ப முடியாமல், அந்த நேரத்தில் விழித்திருக்கும் ஒரே தெருவுக்குள் இறங்கிவிடுகிறீர்கள். அந்தத் தெருவுக்கு முடிவு கிடையாது, முடிவில்லாதபடிதான் அதைப் போட்டிருக்கிறார்கள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் அந்தப் பக்க அமைப்பை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின் என்பவர், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். பாருங்கள், செய்தவரே வருந்திய ஒன்றில் தூக்கக் கலக்கத்தில் சிக்கிக்கொண்டதற்கு நீங்கள் உங்களையே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஆப்பையெல்லாம் அழிக்க வேண்டாம். அழித்தால் அந்தப் பதினோரு நாள் செய்திகளும் போய்விடுமோ என்ற பயத்திலேயே திரும்ப ஏற்றிவிடுவீர்கள்.

தம்பியைக் கூப்பிடுங்கள். பகலில் இரண்டு பேரும் நேரில் உட்காருங்கள். அந்தக் குரூப்பில் முதல் நாள் மாலைக்குப் போய், அங்கிருந்து பதினோராவது நாள் வரை வரிசையாகப் படியுங்கள். கையால் ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘ஆக்சிஜன் 91, கண் திறந்து பார்த்தார்’ என்பதையும் எழுதுங்கள். இந்த ஐந்து வருடத்தில் இரவில் தனியாக, துண்டு துண்டாகத்தான் நீங்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் சேர்ந்து, வெளிச்சத்தில், தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை போய்ச் சேருவது வேறு அனுபவம். அழுகை வந்தால் நிறுத்திவிட்டு அழுங்கள். தாங்கவில்லை என்றால் மூடிவைத்து இன்னொரு நாள் தொடருங்கள். உங்கள் தம்பிக்கும் இது தேவைப்படும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சாயங்காலமும் அந்த வரியை முதலில் தனியாகப் படித்தவர் அவர். அதை எப்படி எல்லோருக்கும் சொல்வது என்று யோசித்து குரூப்பில் போட்டவரும் அவர்தான். அவரிடம் அதைப் பற்றி யாராவது இதுவரை கேட்டிருக்கிறீர்களா?

அதன் பிறகு அந்தக் குரூப்பை மியூட் செய்து, ஆர்க்கைவில் போட்டுவையுங்கள். வெளியேற வேண்டாம். அது எங்கேயும் போகாது, தேவைப்படும்போது பகலில் திறக்கலாம்.

இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். ‘அவசரமாக யாராவது கூப்பிட்டால்?’ என்று மனம் கேட்கும். இது அந்த மே மாதத்தின் கேள்வி. அதற்கு மரியாதை கொடுத்து, அழைப்பின் சத்தத்தை மட்டும் முழுதாக வைத்து, கூடத்தில் வையுங்கள். மணி அடித்தால் கேட்கும். இரண்டரைக்கு முழிப்பு வரத்தான் செய்யும், முதல் சில வாரம் கட்டாயம் வரும். இருபது நிமிடத்தில் தூக்கம் திரும்பவில்லை என்று தோன்றினால் படுக்கையில் புரளாமல் எழுந்து, மங்கலான விளக்கில் ஒரு நாற்காலியில் உட்காருங்கள். அந்த நோட்டை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் ஏதாவது சொல்லத் தோன்றினால் அதில் எழுதலாம். கண் சொக்கும்போது போய்ப் படுங்கள்.

இப்படி ஆறேழு வாரம் செய்தும் முழிப்பும் தவிப்பும் குறையவில்லை என்றால், அல்லது பகலிலும் எதிலும் பிடிப்பில்லை, அப்பா போனதை நம்பவே முடியவில்லை என்றால், மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். வருடக்கணக்கில் தணியாமல் அன்றாட வாழ்வை முடக்கும் துக்கத்தை, சிகிச்சை தேவைப்படும் ஒரு நிலையாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த பட்டியல் அது. உங்களுக்கு அது இருக்கிறது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஐந்து வருடம் கழித்து இதற்காகப் போய் நிற்பதா என்று கூச்சப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி சித்தப்பா. ‘கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்’ என்று அப்பா சொன்னதை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். உங்களை எழுப்புவதில் பாதி அந்த வரியாக இருக்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஃபார்வேர்டு பொய். தடுப்பூசிகள் முதல் ஓராண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 2 கோடி மரணங்களைத் தடுத்திருக்கும் என்று, லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல் கணித்தார்கள். பொய்ச் செய்தி உயிரையும் வாங்கும். சாராயம் குடித்தால் கொரோனா வராது என்ற வதந்தியை நம்பி, மெத்தனால் என்ற நச்சு கலந்த சாராயத்தைக் குடித்து 2020இல் ஈரானில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதனால் உங்கள் கோபம் நியாயமில்லை என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் அந்த ஃபார்வேர்டு சித்தப்பாவிடம் எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அதை எழுதவில்லை. ‘கிருமியோடு மட்டும் போராடவில்லை, தகவல் தொற்றோடும் போராடுகிறோம்’ என்ற பொருளில் உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் 2020 பிப்ரவரியிலேயே எச்சரித்தார். பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்று அந்த ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன் பிறகு அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. அந்தத் தடையையும் தாண்டி, ஒவ்வொன்றாக, ஒருவர் இன்னொருவருக்கு என்று கைமாறித்தான் அது உங்கள் குடும்பத்துக்குள் வந்திருக்கிறது. ட்விட்டரில் பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018லேயே காட்டியிருந்தார்கள். அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் இல்லை, மனிதர்கள்தான் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. பயந்துபோன மனிதர் தன் ஆட்களைக் காப்பாற்ற நினைத்து அனுப்பும் முதல் இடம் குடும்ப குரூப். சித்தப்பா தன் அண்ணனுக்குத் தீங்கு நினைத்து அதை அனுப்பியிருப்பாரா?

அண்ணன் என்று எழுதும்போதே தோன்றுகிறது. உங்களுக்கு அப்பா போன அதே இரவு, அதே குரூப்பில், அவருக்கு அண்ணன் போன செய்தி வந்தது. மூன்றாம் நாள், அவரைக் கொலைகாரர் என்று சொல்லும் வரியும் அங்கேயே வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரு வீட்டில் துக்கத்தின்போது சண்டை வந்தால், யாராவது குறுக்கே புகுந்து ஒருவரைத் தனியே அழைத்துப் போவார்கள். குரூப்பில் அப்படி யாரும் கையைப் பிடிக்க முடியவில்லை. எல்லோரும் படித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். அவரைப் பொறுத்தவரை அந்த மௌனமும் தீர்ப்புதான். அந்த ஃபார்வேர்டு இல்லாவிட்டால் அப்பா ஊசி போட்டிருப்பாரா, போட்டிருந்தால் ஒரு மாதத்துக்குள் அது காப்பாற்றியிருக்குமா என்று உங்களால் அறிய முடியாது. சித்தப்பாவாலும் முடியாது. இந்தக் கேள்வி அவரையும் ஏதோ ஒரு மணிக்கு எழுப்பிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவரோடு சேர்ந்து ஒருமுறை அப்பாவைப் பற்றிப் பேசுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். மெசேஜ் வேண்டாம். எழுத்தில் நடந்ததை எழுத்திலேயே சரிசெய்யப் போனால் ஒவ்வொரு சொல்லும் மறுபடி வழக்காகும். கூப்பிடுங்கள். ‘சித்தப்பா, நான்தான். அப்பா போன நேரத்தில் அத்தனை பேர் முன்னாடி உங்களை அப்படிச் சொன்னது தப்பு. எனக்கு அப்பாவைப் பத்தி உங்ககிட்ட பேசணும்’ என்று சொன்னால் போதும். தடுப்பூசி பற்றிய உங்கள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, அன்றைக்கு அந்தப் பேச்சை எடுக்கவும் வேண்டாம். அவரே எடுத்தால், ‘அதை இன்னொரு நாள் பேசலாம் சித்தப்பா’ என்று சொல்லுங்கள். உங்கள் அப்பாவின் சின்ன வயது அவரிடம்தான் இருக்கிறது. நீங்கள் கேட்டிராத கதைகள் அதில் இருக்கும். அவரைக் குரூப்பில் திரும்பச் சேர்ப்பதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

மகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவளைப் பற்றி நீங்களும் சுருக்கமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு, போன் இவ்வளவு பெரிதாகாத ஒரு வாழ்க்கை நினைவில் இருக்கிறது. பத்து வயதில் அவளுக்குப் பள்ளிக்கூடமும் விளையாட்டு மைதானமும் அந்தத் திரைக்குள்தான் இருந்தன. ‘பழையபடி இரு’ என்றால் எந்தப் பழையபடி என்று அவளுக்குப் புரியாது. தாத்தா போனபோது அவளும் அந்த வீடியோ காலைப் பார்த்திருப்பாள். அறிவுரைக்கு முன்னால், அன்றைக்கு அவளுக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். இரவில் கூடத்தில் வைக்கும் போன்களில் அவளுடையதும் ஒன்றாக இருக்கட்டும். உங்கள் கணவருடையதும்தான். முதலில் உங்களுடையதை வையுங்கள், ஒரு வாரம் கழித்து அவளிடம் கேட்கலாம்.

கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர் அக்கறையில்தான் சொல்கிறார். இரண்டரைக்கு நீங்கள் எழுந்து நாற்காலிக்குப் போகும்போது அவரும் விழித்துக்கொண்டால், ‘தூங்கு’ என்று சொல்லாமல் பக்கத்தில் வந்து கொஞ்சநேரம் உட்காரச் சொல்லுங்கள். அந்தப் பதினோரு நாளும் உங்கள் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.

சித்தப்பாவை ஒரு காலை வேளையில் கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் இரண்டு நாள் விட்டு மறுபடி கூப்பிடுங்கள். ஆனால் அதற்கு முன்பு தம்பியிடம் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமையை முடிவு செய்துகொள்ளுங்கள். நோட்டை எழுதி முடித்த பிறகு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.